கொக்கியில் மறுபடி குப்பி

ஹார்லன்,

இயற்கையின் ஒழுங்கைக் காப்பது மனிதனின் தலையாய கடமை என்று நேற்று நீங்கள் தோட்டத்தில் முழங்கியபோது, ரீங்காரச் சிட்டு ஒன்று உங்கள் சிவப்புத் தொப்பியைப் பூவென்று நினைத்துக் குத்திக்கொண்டிருந்தது.

"தின்னக் கொடுத்துக் கொடுத்தே கெடுத்து வெச்சிருக்கே, வெர்னெல்! செப்டம்பர் வந்தாச்சு. இனி இதுங்க எப்படி வீட்டை விட்டுக் கிளம்பும்?" என்று கத்தி, சர்க்கரைத் தண்ணீர்க் குப்பியைக் கழற்றிக் கராஜில் வைத்துப் பூட்டினீர்கள். காலையில் அதை எடுத்து மறுபடி மாட்டிவிட்டேன். தயவுசெய்து தொடாதீர்கள்.

அப்பன் சிட்டுகள் குளிருக்குப் பயந்து ஆகஸ்டிலேயே தெற்கே போய்விட்டன. இப்போது முட்டி மோதிக் குடிப்பவை பெரும்பாலும் ஜூனில் பொரித்த குஞ்சுகள். ஒரு தேக்கரண்டி சர்க்கரையின் எடைகூட இல்லை. வயிறு நிறைந்ததும், வழிகாட்ட ஆளில்லாமல், மெக்சிகோ வளைகுடாவை ஒரே மூச்சில் தாண்டிவிடும். பார்த்தால் எனக்குக் கண் கலங்குகிறது. யாரும் அதட்டிக் கிளப்ப வேண்டியதில்லை.

தேவாலயச் சமையலுக்குப் போகிறேன். கராஜ் சாவி பூந்தொட்டிக்கு அடியில். மீதிச் சண்டை சாயங்காலம்.

வெர்னெல்

பி.கு.: முட்டையும் சோளக் கஞ்சியும் அடுப்பில் இருக்கின்றன. பதினொரு மணிக்கு நம் மகன் ராய்ஸை எழுப்பிக் கொடுங்கள். அவனுக்கு ஜூனில் முப்பத்துநாலு வயது முடிந்தது.