முழங்கையும் வயிறும்

பிப்ரவரி 3

சீ! முழங்கையில் மறுபடி சின்னச் சின்னக் கொப்புளங்கள், கொத்தாக. சொறிந்தால் உடைந்து நீர் வடிகிறது. சட்டைக் கை அதில் ஒட்டிக்கொண்டு, பிய்க்கும்போது தோலும் சேர்ந்து வருகிறது. என் உடம்பைப் பார்க்க எனக்கே குமட்டுகிறது.

பிப்ரவரி 6

பிஸ்கட் ஆலையில் ருசி பார்ப்பது என் வேலை. அடுப்பிலிருந்து வரும் ஒவ்வொரு தட்டிலும் ஒன்றை உடைத்து, மென்று, விழுங்க வேண்டும். துப்பிவிட்டால் அடிக்கசப்பு பிடிபடாது. இன்று மேற்பார்வையாளர் என் கையைப் பார்த்து மூஞ்சியைச் சுளித்தார். "ஒட்டுவாரொட்டி இல்லன்னு டாக்டர் சொல்ற வரைக்கும் இந்தப் பக்கமே வராதீங்கம்மா."

பிப்ரவரி 9

என் துணியைத் தனியாக ஊறவைக்கச் சொல்லிவிட்டாள் அண்ணி. அவள் வீடு, அவள் வாளி. அண்ணன்தான் எனக்காகச் சண்டை போட்டான், வயிற்றைப் பிடித்துக்கொண்டே. அவனுக்கு என்றைக்கு வயிறு சரியாக இருந்தது? சோறு வேண்டாமென்று, நான் ஆலையிலிருந்து கொண்டுவந்த பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துத் தின்றான். "இது ஒண்ணுதான் வயித்த ஒண்ணும் பண்ணாது."

பிப்ரவரி 12

முட்டியிலும் வந்துவிட்டது. உட்காரும் இடத்திலும். கருமம்.

பிப்ரவரி 17

தோல் டாக்டரிடம் முழங்கையைக் காட்டினால், "வயிறு உப்புசம் உண்டா? ரத்தம் கம்மின்னு யாராவது சொன்னாங்களா?" என்கிறார்.

"முழங்கைக்கும் வயித்துக்கும் என்ன டாக்டர் சம்பந்தம்?" வெடுக்கென்று கேட்டுவிட்டேன்.

"பாத்துடலாம்."

கொப்புளத்தை விட்டுவிட்டு, பக்கத்து நல்ல தோலில் ஒரு துண்டு வெட்டி எடுத்தார். உருப்படியாக இருந்தது அந்த இடம் ஒன்றுதான். அதிலும் ஓட்டை.

மார்ச் 2

கோதுமை. கோதுமையாம்! அது என் குடலுக்கு ஆகாதாம். உள்ளே நடக்கிற சண்டைதான் தோலில் கொப்புளமாக வருகிறதாம். ஒட்டுவாரொட்டி இல்லை. ஆனால் ஆயுசுக்கும் ஒரு துணுக்குகூடத் தின்னக் கூடாது. சம்பளம் வாங்கிக்கொண்டு விஷத்தை மென்றிருக்கிறேன். ருசி வேலை போச்சு. இந்த நாக்கை வைத்துக்கொண்டு இனி என்ன பண்றது நான்?

கிளம்பும்போது, "கூடப் பிறந்தவங்களையும் ரத்தம் பாக்கச் சொல்லுங்க," என்றார் டாக்டர். அண்ணனுக்கா? அவனுக்கு ஒரு பரு கூட வந்ததில்லை.

மார்ச் 11

மாத்திரையில் அரிப்பு அடங்கிவிட்டது. ஆலையில் என்னை அட்டைப்பெட்டிக் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். அண்ணனை ரத்தம் கொடுக்க இழுத்துப் போனேன். "உனக்கு வந்தா எனக்கும் வரணுமா?" என்று வழியெல்லாம் முணுமுணுப்பு.

ஏப்ரல் 14

அவனுக்கும் அதேதான். வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். குடலின் உள்பக்கம் தேய்ந்து மொழுக்கென்று கிடக்கிறதாம், வருஷக்கணக்காக. இனி பத்தியம் இருந்தாலும் எவ்வளவு தேறும் என்று டாக்டரே உறுதியாகச் சொல்லவில்லை.

சாயங்காலம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். முழங்கையில் காய்ந்து கிடந்த கறுப்புத் தழும்புகளை விரலால் தடவினான். நானே தொடத் தயங்குகிற இடம்.

"எனக்கும் இப்படி வெளிய வந்து தொலைஞ்சிருக்கலாம்," என்றான்.

நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை.