சாரலில் போட்ட சீலிங்

பாப்பாவின் அம்மாவுக்கு,

என் போனை நீ எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன். பாப்பாவுக்கு வேர்க்குரு அமுங்கிவிட்டதா?

நேற்று மாடி அறையின் சீலிங்கைப் பிரித்தேன். தகரத்துக்கு அடியில் நான் அடுக்கிய தெர்மாகோல் பலகைகள் எங்குமே ஒட்டிச் சேரவில்லை. சுவரோரம் கை நுழையும் இடைவெளி. அளந்து வெட்டப் பொறுமை இல்லாமல் செய்த வேலை. சூடெல்லாம் அது வழியாகத்தான் இறங்கியிருக்கிறது.

சென்ற ஆண்டு குற்றாலச் சாரலில் தென்காசியே குளிர்ந்து கிடந்தபோது இதை மாட்டிவிட்டு, அறை குளிர்வது என்னால்தான் என்று உன் அப்பாவிடம் பீற்றினேன். இந்தச் சித்திரையில் நீ சொன்னாய்: "மேலருந்து தணலா இறங்குது. பிள்ளை கெடந்து அழுவுது. என்னன்னு பாருங்களேன்."

"ஏட்டி, நான் இன்ஜினியர். சூடு கூரையில இல்ல, உன் நெனப்புலதான் இருக்கு."

நீ பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உன் அப்பா வீட்டுக்குக் கீழப்பாவூர் பஸ் ஏறும்போதும் அதையேதான் சொன்னேன். நினைத்தால் கூசுகிறது.

பலகைகளைப் புதிதாக வெட்டி, இடைவெளி இல்லாமல் பொருத்தி, டேப் ஒட்டிவிட்டேன். இன்று உச்சி வெயிலில் அங்கேயே படுத்திருந்தேன். குளிர்ச்சியாகத்தான் இருக்கிறது. ஆனால் என் பேச்சை நம்பாதே.

ஒரு மதியம் மட்டும் வந்து இருந்து பார். நீ வெக்கை என்றால் அது வெக்கைதான். மறுபடியும் பிரிப்பேன்.

பாப்பாவின் அப்பா