வெள்ளி இரவுத் தண்ணீர் லாரி

பொத்தோங் பாசிர், சிங்கப்பூர்
9-6-1963, ஞாயிறு

அன்புள்ள சேகர் அண்ணனுக்குத் தங்கை சந்திரமதி எழுதுவது.

பெரிய செய்தி அண்ணா, நேற்று மாலை ரேடியோவில் அறிவியல் நேரத்தில் என் கேள்வியை என் பெயரோடும் நம் கம்பத்துக் குடியிருப்பின் பெயரோடும் வாசித்துவிட்டார்கள், அந்த நேரத்தில்தான் நம் செவலைப் பசு கொட்டகையில் செத்துக்கொண்டிருந்தது.

இரண்டையும் ஒரே வரியில் எழுதியதற்குக் கோபிக்காதீர்கள். இரண்டும் அப்படித்தான் சேர்ந்து வந்தன. பதினேழு வாரமாக அந்த நிகழ்ச்சிக்குக் கடிதம் போட்டவள் நான். ஒரு காலன் பால் கறக்க மாடு எத்தனை காலன் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று கேட்டிருந்தேன். நாலு காலன் என்று பதில் சொன்னார்கள். உலகத்தில் முந்நூறு கோடிப் பேர் ஆகிவிட்டோமாம், இனிமேல் சோறு, பால் எதுவானாலும் தண்ணீர்க் கணக்குதானாம். அப்பா செவலையின் தலையை மடியில் வைத்திருந்தார். "நாலு காலன் எதுக்கும்மா, ஒரே காலன்தான் வந்திருக்கான், அதுவே போதும்," என்றார். நான் ரேடியோவை அணைத்துவிட்டேன்.

மழை வந்து எவ்வளவு நாளாயிற்று என்றே மறந்துவிட்டது. குழாயில் முறைவைத்துத்தான் தண்ணீர் விடுகிறார்கள். நம் குட்டை சேறாகி, வாத்துகூட இறங்குவதில்லை. நீங்கள் வேலைக்குப் போயிருக்கும் செரியாவில் மண்ணைத் தோண்டினால் எண்ணெய் பீறிடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். இங்கே ஆறு மாடுகளும் காலித் தொட்டியை நக்கிக்கொண்டு நின்றன. செவலை கன்று போட்டு பத்து நாள்தான் ஆகியிருந்தது.

காதர் மைதீன் மாமா நல்ல மனுஷர். பெரிய ரோட்டு முக்கில் இருக்கிற அவர் தேத்தண்ணிக் கடைக்கு முன்னால், கிணற்றுத் தண்ணீர் லாரி ஒன்று வாரம் ஒருமுறை நிற்க ஏற்பாடு செய்தார். நமக்கென்று ஆறு டிரம் தண்ணீர் ஒதுக்கச் சொன்னார். புதன்கிழமை அவர் மகள் ஜைனப் ஓடிவந்து என்னிடம்தான் சொன்னாள், வெள்ளி ராவு லாரி வரும் என்று. அப்பா இரண்டு தடவை கேட்டார், சரியாகக் கேட்டுக்கொண்டாயா என்று. என் நோட்டைத் திறந்து படித்துக் காட்டினேன். 'வெள்ளி இரவு, லாரி' என்று அடிக்கோடு போட்டு எழுதியிருந்தேன். எழுதி வைத்தால் தப்பாது என்று எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்ததும் அப்பா ஆறு டிரம்களையும் ரோட்டுக்கு உருட்டிக்கொண்டு போனார். கடை அடைத்திருந்தது. போகிற வருகிறவர்கள் பார்த்துச் சிரித்தார்களாம். லாரி வரவே இல்லை.

மறுநாள் காலை கடையில் பெரிய சண்டை. "இருவது வருசமா என் பாலை வாங்கின மனுசன், பொய் சொல்லி என்னை ரோட்டுல நிறுத்திட்டியே," என்று அப்பா கத்தினார். மாமாவுக்கும் ஆத்திரம். "டிரைவர் கைய கால புடிச்சு லாரிய நிறுத்தி வச்சேன், ஒரு வாளியாச்சும் நீட்டினியாண்ணே," என்றார். வெள்ளி ராத்திரி நின்றேன் என்று அப்பா சத்தியம் செய்தார். வெள்ளி ராவு லாரி வந்தது என்று மாமாவும் சத்தியம் செய்தார். அன்று மாலை செவலை போய்விட்டது.

இன்று காலை ஜைனப் பின்பக்கமாக வந்தாள். கன்றுக்கு ஒரு டப்பா பால்மாவு கொண்டுவந்திருந்தாள். எங்களைப் பார்க்க அவளுக்கு வெட்கம், எனக்குக் கோபம். ஏன் பொய் சொன்னாய் என்று கேட்டேன். அவள் திகைத்துப்போனாள். "லாரி வந்துச்சுலா, வியாழன் மஃரிப் தொழுகைக்கு அப்புறம்," என்றாள். அது வியாழன் இரவுதானே என்றேன். "எங்களுக்கு மஃரிப் பாங்கு சொன்னா நாளு மாறிடும்லா. வியாழன் பொழுது சாஞ்சா வெள்ளி ராவு, இதுகூடத் தெரியாதா ஒனக்கு," என்றாள்.

தெரியாது அண்ணா. முந்நூறு கோடிப் பேரின் கணக்கு தெரியும், பக்கத்து வீட்டு ராத்திரி எப்போது தொடங்கும் என்று தெரியாது. அந்த லாரி வந்து நின்றபோது அப்பா பால் ஊற்றப் போயிருந்தார். நான் நூலகத்தில் பசுக்களைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன்.

ஜைனப்பை யாரிடமும் சொல்லவேண்டாம் என்று கெஞ்சியிருக்கிறேன். அப்பா சாப்பிட்டு இரண்டு நாளாகிறது. காதர் பொய் சொல்லாமல் இருந்திருந்தால் செவலை பிழைத்திருக்கும் என்று அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார். மாமாவோ இனி நம் டிரம்மை அந்த லாரி பக்கமே விடமாட்டேன் என்கிறார், கடைக்கு டப்பாப் பால் இறக்கிவிட்டார். தண்ணீர் இல்லாமல் மீதி ஐந்தும் நிற்காது. இருபத்துநாலாம் தேதி தரகர் வந்து ஓட்டிப்போகிறார். கசாப்புக்குத்தான் என்று அப்பாவுக்கும் தெரியும். "இந்த ஊருல இனிமே டப்பாதான் கறக்கும், மாடு கறக்காது," என்று சொல்லிவிட்டு வைக்கோலைப் பிரித்துப் போடுகிறார்.

நானே சொல்லியிருக்க வேண்டும். மூன்று தடவை பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மூன்று தடவையும் சொல்லாமலே எழுந்து வந்துவிட்டேன்.

அதனால் அண்ணா, இந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிடாதீர்கள். உங்கள் அறையில் இருக்கும் முகைதீன் அண்ணனுக்குப் படித்துக் காட்டுங்கள். தம்பியான அவர் சொன்னால் காதர் மாமா கேட்பார். இரண்டு பேரும் உட்கார்ந்து, ஒரே தாளில், அப்பாவுக்கும் மாமாவுக்கும் சேர்த்து எழுதுங்கள். வியாழன் மாலைதான் வெள்ளி இரவு என்று எழுதுங்கள். தப்பாகப் புரிந்துகொண்டது யார் என்பதையும் பெயரோடு எழுதுங்கள், மறைக்க வேண்டாம். இருபத்துநாலுக்கு முன்னால் வந்து சேரவேண்டும்.

அப்பாவுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டப்போவது நான்தான். நீங்கள் எழுதினால் என் வாயால் படித்துவிடுவேன்.

உங்கள் உடம்பு நலமாக இருக்கட்டும். குடிக்கிற தண்ணீரில் ஒரு வாய் எங்களை நினைத்துக்கொள்ளுங்கள். பதில் போடுங்கள் அண்ணா.

உங்கள் தங்கை,
சந்திரமதி