இனிப்பை விட்ட தவக்காலம்

3 மார்ச் 2014, திங்கள்

வடலூர் பஸ்ஸில் இன்று உட்கார இடம் கிடைத்தது. நான் வேலை செய்யும் ஷெட்டில் புதுச் சரக்கு. சீனித்துளசி இலையை வேகவைத்து, வடிகட்டி, காயவைத்து எடுக்கும் வெள்ளைப் பொடி. கரைத்து ஒரு துளி நாக்கில் விட்டால் முதலில் சர்க்கரையைவிட இனிக்கும். கொஞ்சம் பொறுத்தால் பின்னாலேயே கசப்பு வரும். அதைக் குறைக்கத்தான் மரவள்ளி மாவும் என்சைமும் சேர்த்துக் கை பொறுக்காத சூட்டில் வைக்கிறோம். மாவிலிருந்து சர்க்கரையைப் பிய்த்து, இலையின் இனிப்போடு ஒட்டவைக்குமாம் அந்த என்சைம். பள்ளிப் புத்தகத்தில் நொதி என்று ஒரு பாடம் இருந்தது. அதை நடத்துவதற்குள் நான் நின்றுவிட்டேன்.

ஷெட்டைப் பார்த்துக்கொள்ளும் மலர்விழி அக்காவுக்கு அந்தக் கசப்பு தெரிவதே இல்லை. சிலர் நாக்குக்குத் தெரியாதாம். எனக்குத் தெரிகிறது. பாட்டில் கழுவ வந்த என்னை அதனால்தான் ருசி பார்க்க வைத்திருக்கிறார்கள். “வாயத் தொறந்து ஒரு வார்த்த பேசமாட்டா. ஆனா வாய்க்குத்தான் சம்பளம்” என்று அக்கா சிரித்தார். நானும் சிரித்தேன்.

5 மார்ச், புதன்

சாம்பல் புதன், தவக்காலத்தின் முதல் நாள். அனல்மின் நிலையச் சாம்பல் கொடித்துணியில் தினமும்தான் விழுகிறது. இன்று கோவிலில் நெற்றியிலும் பூசினார்கள்.

அப்பாவின் கால் புண் இன்னும் ஆறவில்லை. சர்க்கரை வியாதி, அப்படித்தான் இழுக்கும் என்கிறார் டாக்டர். ஷூ போட முடியாததால் நிலக்கரி மைன்ஸுக்கு வேலைக்குப் போகவில்லை. கான்ட்ராக்ட் ஆள், எத்தனை நாள் இடத்தை வைத்திருப்பார்கள்?

பூசையில் ஒரு நேர்ச்சை செய்துகொண்டேன். ஈஸ்டர் வரை என் நாக்கில் இனிப்பு படாது. அப்பா கால் ஆறட்டும். யாரிடமும் சொல்லவில்லை. வெளியே சொன்னால் பலன் போய்விடும் என்பார் அம்மா.

6 மார்ச்

எப்படி மறந்தேன்? என் வேலையே அதுதானே! கோவிலில் முழங்காலில் இருந்தபோது லட்டும் டீயும் மட்டும்தான் ஞாபகத்தில் இருந்தன. ஷெட் நினைவுக்கு வரவே இல்லை. இன்று அக்கா சொட்டுக்குழாயை நீட்டியதும்தான் உறைத்தது. ருசி பார்த்துத் துப்பிவிட்டேன். வாய் கொப்பளித்தேன். விழுங்காவிட்டால் குற்றமில்லை — இல்லைதானே?

14 மார்ச், வெள்ளி

அப்பாவின் கால் சுண்டுவிரல் கறுத்துவிட்டது. எடுத்துவிட்டார்கள்.

துப்பினேன்தான். ஆனால் இனித்ததே.

24 மார்ச்

இன்று ருசி பார்க்கவில்லை. துளியை உதடு வரை கொண்டுபோய்க் கைக்குட்டையில் ஒற்றிக்கொண்டேன். “கசப்பு போச்சா?” என்றார் அக்கா. தலையாட்டினேன். சூட்டில் ஒரு நாள் வைத்தாலே எப்போதும் போய்விடும். இன்றும் போயிருக்கும். சரக்கைக் காயவைக்க எடுத்துப் போனார்கள்.

2 ஏப்ரல், புதன்

போகவில்லை. துளிகூடக் கசப்பு போகவில்லை. ஹீட்டர் நிற்காமல் ஓடி, தொட்டி கொதித்திருக்கிறது. சூடு மீறினால் என்சைம் செத்துப்போகும். முன்னமே சொல்லியிருக்கிறார்கள். புதுச்சேரியில் சர்க்கரை நோயாளிகளுக்கு மிட்டாய் செய்கிறவர்கள் மூட்டையைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

முதலாளி சிவசங்கர் சார் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். “கசப்பச் சோதிக்கிற மிஷின் வாங்க வழியில்ல. உன் நாக்க நம்பித்தாம்மா இருந்தோம். நாளைலேருந்து வரவேணாம்” என்றார்.

அக்கா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடவே வந்தார். “உண்மையச் சொல்லு ஏஞ்சலின், வாயில வச்சியா இல்லியா?” சொல்லணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. சொல்லிட்டா நேர்ச்சை போயிடும், அப்பா கால் போயிடும். பஸ் வந்துடுச்சு. ஏறிட்டேன்.

12 ஏப்ரல்

அப்பாவின் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். புதுச்சேரி ஆஸ்பத்திரியில்.

13 ஏப்ரல், குருத்து ஞாயிறு

வார்டுக்கு வெளியே அம்மா ஜெபமாலை சொல்லிக்கொண்டே இருக்கிறார். எனக்குச் சொல்ல வரவில்லை. முதல் வாரங்களில் துப்பிய துளிகளுக்கா இது? பிறகு ஒன்றுமே படவில்லையே. வேலையையும் கொடுத்தேனே. யாரிடம் கேட்பது?

20 ஏப்ரல்

ஈஸ்டர்.

26 ஏப்ரல், சனி

அப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்தாயிற்று. மைன்ஸில் பர்மனெண்ட் வேலையில் இருக்கும் ஒருவரின் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் இருக்கும் இந்த ஓர் அறையில் கட்டில் போட்டால் நடக்க இடமில்லை.

அப்பாவோடு வேலை செய்த பன்னீர்செல்வம் மாமா பார்க்க வந்தார். சிரிக்கவைக்க என்னென்னவோ சொன்னார்.

“நீ இல்லாம டீக்கட தனகோடிக்கு வியாபாரமே படுத்துப்போச்சிய்யா. ஷிப்டுக்கு நாலு டீ, மூணு கரண்டி சக்கர. வேற எவன் குடிக்கிறான்?”

“யோவ், மெதுவா. வூட்ல கேக்கப்போவுது” என்று அப்பா சிரித்தார். “எல்லாம் குடிச்சிகினு நிக்கும்போது நான் மட்டும் வாயப் பாத்துகினா நிக்க முடியும்?”

அம்மா வெளியே துணி துவைத்துக்கொண்டிருந்தார். நான் கட்டிலுக்குப் பின்னால் நின்றிருந்தேன். இருப்பதே தெரியாத மாதிரி நிற்க எனக்கு வரும்.

வூட்ல சக்கர போடாத டீ. வேலைல மூணு கரண்டி. நான் ஒரு துளியத் துப்பிட்டு ராத்திரியெல்லாம் அழுதேன். என் வேலை போச்சு. எதுக்கு? யாருக்காக நான் வாயக் கட்டுனேன்?

29 ஏப்ரல்

அப்பாவிடம் பேசவில்லை. நான் எப்போதும் பேசாததால் அவருக்குத் தெரியவில்லை.

4 மே, ஞாயிறு

எதிர் குவார்ட்டர்ஸ் சின்னப் பெண்ணுக்கு இன்று புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். வெள்ளை கவுனோடு அவளே வந்து தட்டைக் கொடுத்துவிட்டுப் போனாள். லட்டு, கேக், பாதுஷா. அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தார்.

அப்பா கட்டிலிலிருந்து என்னிடம் கையை நீட்டினார். “கொஞ்சம் பிட்டுக் குடு பாப்பா. காலுதான் போயிடிச்சே, இனிமே என்னா?”

எதிரே தரையில் உட்கார்ந்தேன். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே லட்டைத் தின்றேன். கேக்கைத் தின்றேன். பாதுஷா தொண்டையில் அடைத்தது. தண்ணீர் குடித்துவிட்டு அதையும் தின்றேன்.

“ஏன்டி இப்டிப் பண்ற?” அப்பா என்னை டி போட்டுக் கூப்பிட்டதே இல்லை.

“இன்னொரு காலு இருக்குப்பா” என்றேன். சத்தமாகவே வந்தது.

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. போய்த் தொடவில்லை. தட்டைக் கழுவினேன். வெறும் தட்டாகத் திருப்பக்கூடாது, ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுக்கவேண்டும் என்பார்கள். வீட்டில் சர்க்கரை கிடையாது. வெறும் தட்டாகவே கொடுத்துவிட்டு வந்தேன்.