சங்கு திரும்பிப் பார்க்கவில்லை

மடவார் வளாகம்,
ஸ்ரீவில்லிபுத்தூர்.
வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் ஹம்ஸாவுக்கு அப்பா எழுதுவது. ஆண்டாள் புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் சுகம், அவள் முழங்காலைத் தவிர. நீயும் மாப்பிள்ளையும் குழந்தைகளும் மஸ்கட்டில் சுகமாக இருக்க வேண்டும் என்றுதான் தினமும் விளக்கேற்றும்போது கேட்டுக்கொள்கிறோம். போன் இருக்கும்போது கடுதாசி எதற்கு என்று சிரிப்பாய். போனில் இரண்டு தடவை ஆரம்பித்தேன், எனக்கு வாய் வரவில்லை. நைனா முகமது பாயின் மகள் நசீமா நாளை மஸ்கட் வருகிறாள், அவளிடம் ஒரு கிலோ பால்கோவாவோடு இதைக் கொடுத்திருக்கிறேன். பால்கோவாவை அப்புறம் தின்னலாம், முதலில் இதைப் படி.

பேத்தி வேதாவைப் பள்ளிக்கூடத்தில் ஒரு விலங்கின் ஆங்கிலப் பெயர் எங்கிருந்து வந்தது என்று எழுதச் சொன்னார்களாம், நாய்க்கு டாக் என்ற சொல் எப்படி வந்தது தாத்தா என்று கேட்டாள். முப்பத்துநாலு வருஷம் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்தவனுக்கு இதைவிட என்ன வேண்டும், பெரிய அகராதிகளையெல்லாம் இறக்கித் தூசி தட்டினேன். அவளிடம் சொல், ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் அந்த ஊர்க்காரர்களுக்கு எந்த நாயும் ஹவுண்ட்தான். டாக் என்பது பழைய ஏடுகளில் அபூர்வமாகத்தான் தலைகாட்டுகிறது, அதன் பூர்வீகம் இன்றுவரை யாருக்கும் உறுதியாகத் தெரியாது. அப்படி வந்தது கடைசியில் ஹவுண்டை வேட்டை நாய்க்கு மட்டும் என்று ஒதுக்கிவிட்டு எல்லா நாய்க்கும் தன் பெயரையே வைத்துவிட்டது, ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டின கதைதான். ஆளைத் திட்டவும் அதே சொல், கட்டையைக் கவ்விப் பிடிக்கும் இரும்புக்கும் அதே சொல். இன்னொரு அர்த்தமும் உண்டு, அதை மட்டும் அவளிடம் சொல்லாதே. ஒருவனை விடாமல் பின்தொடர்வது. அதைப் படித்ததும் அகராதியை மூடிவிட்டேன்.

உனக்குச் சங்குவை நினைவிருக்கும், நீ மதுரையில் காலேஜ் படித்தபோது ராஜபாளையம் ஐயாதுரையிடம் வாங்கின நாய்க்குட்டி. பூரா வெள்ளை, ரோஸ் மூக்கு, ஒரு பொட்டு கறுப்பு இல்லாததாகப் பார்த்து நான்தான் பொறுக்கி எடுத்தேன். யார் கூப்பிட்டாலும் திரும்பாது. ராஜபாளையம் நாய் ஒரே எசமானுக்குத்தான் அடங்கும், அது அதன் சாதிக்குணம் என்று தெருவெல்லாம் பெருமை பேசினேன். நான் கூப்பிட்டும் திரும்பாதபோதுதான் கோபம் வந்தது. அறுபது பிள்ளைகளை ஒரு சத்தத்தில் அடக்கினவனை ஒரு நாய் மதிக்கவில்லையே என்று குடைக்காம்பால் அடித்தேன் ஹம்ஸா, ஒரு நாள் இரண்டு நாள் இல்லை. எதற்கு அடி என்று தெரியாமல் என் முகத்தையே பார்க்கும். அது ஓடிப்போய்விட்டது என்று உன்னிடம் சொன்னது பொய். ஒரு மத்தியானம் அடித்து வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினேன். மதுரை ரோட்டில் லாரிக்காரன் ஹார்ன் அடித்துக்கொண்டேதான் வந்தானாம், அது திரும்பவேயில்லை. புதைக்க வந்த ஐயாதுரை, "பூரா வெள்ளையாப் பொறக்குறதுல செலதுக்குக் காது கேக்காது சார், ஒங்களுக்குத் தெரியும்னுல்லா நெனைச்சேன்" என்றான். அன்றிலிருந்து மத்தியான வெயிலில் வாசல் கேட்டருகே வெள்ளையாக ஒன்று எனக்கு முதுகைக் காட்டி நிற்கிறது. வெயிலில் கண் கூசுகிறது என்கிறாள் உன் அம்மா. கூப்பிட்டால் திரும்பாது, சுற்றிப் போய் முன்னால் நின்றால் அங்கே ஒன்றும் இருக்காது. பயம் இல்லை எனக்கு, வெட்கம்தான்.

போன வாரம் சின்னவன் அச்சுவைப் பற்றி நீ சொன்னதற்கு வருகிறேன். "ரெண்டரை வயசாச்சு, எம்புட்டுக் கத்துனாலும் திரும்ப மாட்டேங்கான்ப்பா, அசல் ராஜபாளையம் நாய்தான்" என்று சிரித்தாய். நாலு அடி போட்டால் சரியாகும் என்று மாப்பிள்ளை சொல்வதாகவும் சொன்னாய். ஆண்பிள்ளைக்குப் பேச்சு மெதுவாகத்தான் வரும் என்று அம்மாவும் சொன்னாள், நானும் கூடச் சிரித்தேன். போனை வைத்துவிட்டு நிமிர்ந்தால் கேட்டருகே அது நின்றது. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக என் பக்கம் திரும்பி, எதற்கு அடி என்று தெரியாத அதே முகத்தோடு.

அதனால் சொல்கிறேன், அவன் விளையாடும்போது பின்னால் போ. உன் நிழல் அவன் மேல் விழக்கூடாது, தரை அதிரக்கூடாது, சங்கு அதையெல்லாம் வைத்துத்தான் எங்களோடு காலம் தள்ளியது. தட்டோடு தட்டைத் தட்டு. திரும்பினாலும் ஒரு தடவை காது டாக்டரிடம் காட்டிவிட்டு, கிழவனுக்குக் கிறுக்கு என்று வயிறு குலுங்க எல்லாரும் சிரியுங்கள். திரும்பாவிட்டால் அன்றைக்கே போ. காது கேட்கிறதா இல்லையா என்று தெரிகிறவரை அவன்மேல் யாரும் கை வைக்கக்கூடாது, நான் சொன்னதாகவே மாப்பிள்ளையிடம் சொல், வருத்தப்பட்டால் படட்டும்.

குழந்தைகள் நீண்ட ஆயுளோடு நன்றாக இருக்க வேண்டும். வேதா இரண்டு பக்கத்துக்கு மேல் எழுத வேண்டாம். அச்சுவைக் கூப்பிட வேண்டுமானால் முன்னால் போய், முகத்துக்கு நேரே உட்கார்ந்து கூப்பிடு அம்மா. நான் அதை ஒரு தடவைகூடச் செய்யவில்லை.

உன் அப்பா,
சடகோபன்