மூன்றேகால் பஸ்

1972, செப்டம்பர் 12, செவ்வாய்

மகள் நடீன் இன்றும் மூன்றேகால் பஸ்ஸிலேயே வந்துவிட்டாள். கிளாரினெட் பெட்டியைத் திறக்காமல் கட்டிலடியில் தள்ளினாள். பேண்ட் பயிற்சி செவ்வாயும் வியாழனும், கடைசி மணி அடித்த பிறகு. பள்ளி பஸ் அது முடியும்வரை நிற்காது, மணி அடித்ததுமே கிளம்பிவிடுகிறது. கார் வைத்திருக்கும் வெள்ளைக்காரத் தாய்மார்கள் வந்து பிள்ளைகளைக் கூட்டிப்போகிறார்கள். எங்கள் காரில் என் வீட்டுக்காரர் லூசியஸ் மாலை ஷிஃப்டுக்குப் போய்விடுவார். எனக்கு ஓட்டவும் தெரியாது.

எங்கள் தெருவில் கறுப்பர் பள்ளி இருந்தவரை பிள்ளைகள் இருட்டும்வரை வாசித்துவிட்டு நடந்தே வருவார்கள். அதைத்தான் மூடிவிட்டார்களே. கறுப்பு, வெள்ளைப் பிள்ளைகளை ஒன்றாகப் படிக்கவைக்கச் சொல்லி வழக்குப் போட்ட தாய்மார்களில் நானும் ஒருத்தி. ஜெயித்தோம். ஜெயித்து, மகள் ஒன்பது மைல் பஸ்ஸில் போய், வாசிக்காமல் திரும்பி வருகிறாள்.

"நீ கேட்டது கிடைச்சிடுச்சில்ல?" என்றார் ஷிஃப்ட் முடிந்து வந்த லூசியஸ். தட்டை ஓங்கி வைத்தேன்.

செப்டம்பர் 14, வியாழன்

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் அரைநாள் லீவு சொல்லிவிட்டுக் கல்வி அலுவலகம் போனேன். நாற்காலியில் இருந்தவன் நிமிரவே இல்லை.

"மாநிலம் காசு குடுக்கறது ஒருதரம் கூட்டிட்டு வர, ஒருதரம் கொண்டுவிட. மேளதாளத்துக்கெல்லாம் குடுக்காதும்மா."

"அப்போ எங்க பிள்ளைங்க எதுலயுமே சேர வேணாமா?"

"கோர்ட் கூட்டிட்டு வரச் சொல்லுச்சு. இருக்கவைக்கச் சொல்லலியே."

சிரித்துக்கொண்டே சொன்னான். வீடு வரும்வரை அவனுக்குப் பதில் தேடிக்கொண்டே வந்தேன். இப்போதும் தேடுகிறேன்.

செப்டம்பர் 17, ஞாயிறு

சபையின் நீல பஸ் வாரம் முழுக்கச் சும்மாதானே நிற்கிறது? ஆராதனை முடிந்ததும் சிஸ்டர் ப்ரூயிட்டிடம் கேட்டேன். பாடகர் குழுவுக்குத் தலைவி. பஸ் சாவி அவர் கைப்பையில்தான் இருக்கும்.

"ஓசெல்லா, மூணு வருஷம் சனிக்கிழமை சனிக்கிழமை மீன் பொரிச்சு வித்து வாங்கின பஸ்ஸு. என் தலைமுடியில இன்னும் அந்த வாடை போகல. கர்த்தருக்குப் பாடப் போற பஸ்ஸு, பள்ளிக்கூடத்து ஊதுகுழலுக்கு இல்ல. உன் கோர்ட்டப் போய்க் கேளு."

உன் கோர்ட்! பல்லைக் கடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

செப்டம்பர் 21, வியாழன்

இந்த மாதத்துக்குள் பயிற்சிக்கு வராவிட்டால் இடம் வேறு பிள்ளைக்கு என்று பேண்ட் ஆசிரியர் சொல்லிவிட்டாராம். நடீன் அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தேவலை.

செப்டம்பர் 24, ஞாயிறு

எப்படி எழுதுவது இதை?

பிரசங்கம் முடிந்து பாஸ்டர் டோலிவர், சபையில் புதிதாகச் சேருகிறவர்களை அழைத்து வழக்கம்போலக் கையை விரித்தார். "சபையின் கதவு திறந்திருக்கு. யாரு வர்றீங்க?" நடீன் எழுந்தாள். நடுவழியில் நடந்து முன்னால் போனாள். பதினோரு வயது, ஞானஸ்நானத்துக்குச் சரியான வயது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவர்கள் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

"எதுக்கு வந்திருக்கே, மகளே?"

"பஸ்ஸுக்கு, பாஸ்டர். செவ்வாய்க்கும் வியாழனுக்கும். நானும் இன்னும் ஆறு பேரும் பேண்ட்ல இருக்கணும்."

சபையே மூச்சுவிடவில்லை. அந்த நிசப்தத்தில் சபைப் பொறுப்பாளர் டீக்கன் பெட்வே தூக்கத்திலிருந்து விழித்தார். முன்னால் ஒரு பிள்ளை நிற்கிறது, எல்லோரும் காத்திருக்கிறார்கள். புதிதாகச் சேர வருகிறவர்களுக்காக இருபது வருடமாகச் சொல்லிப் பழகிய வாய் அல்லவா? எழுந்து நின்று, "இந்தப் பிள்ளைய ஏத்துக்கணும்னு முன்மொழியறேன்!" என்றார்.

பின்வரிசையில் யாரோ உடனே, "வழிமொழியறேன்!"

பாஸ்டர் உதட்டை மடித்துச் சிரிப்பை அடக்கினார். "முன்மொழிஞ்சாச்சு, வழிமொழிஞ்சாச்சு. சம்மதம்னா ஆமென் சொல்லுங்க."

கூரை அதிர்ந்தது. சிஸ்டர் ப்ரூயிட் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

வாசலில் டீக்கன் என்னைப் பிடித்துக்கொண்டார். "நான் எதைம்மா முன்மொழிஞ்சேன்?" சொன்னேன். "பஸ்ஸ ஓட்டறது நான்தானே!" என்று தலையில் கைவைத்துக்கொண்டார்.

செப்டம்பர் 28, வியாழன்

சிஸ்டர் ப்ரூயிட் டீக்கனிடம் சாவி கொடுத்தார், நிபந்தனையோடு. வியாழன் பாடகர் குழுவுக்கும் பயிற்சி நாள். "முதல்ல எங்கள ஏத்து. அப்புறம் அதுங்கள." ஆக, குழுப் பெண்கள் எல்லோரும் பள்ளி வாசலில் பஸ்ஸுக்குள் காத்திருந்து, சும்மா இருக்க முடியாமல் பாட ஆரம்பித்தார்களாம். வெள்ளைக்காரப் பிள்ளைகள் ஜன்னலில் தொற்றிக்கொண்டு பார்த்தார்கள் என்றாள் நடீன். பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டேதான் சொன்னாள்.

அக்டோபர் 19, வியாழன்

இன்று பஞ்சாலைக் குடியிருப்பிலிருந்து ஒரு வெள்ளைக்காரப் பையன் பஸ் படியில் நின்று, தன் வீட்டுப் பக்கம் போகுமா என்று கேட்டிருக்கிறான். அவன் வீட்டிலும் கார் இல்லை. எல்லோரும் சிஸ்டர் ப்ரூயிட்டைப் பார்த்தார்களாம். "குளிர் உள்ள வருது, கதவச் சாத்து. உள்ள வந்து சாத்து" என்றாராம்.

டிசம்பர் 14, வியாழன்

பள்ளிக் கச்சேரி. சலவைக்கூடத்திலிருந்து ஓடி வந்து நுழைகிறேன் — மூன்றாம் வரிசை முழுக்க ஞாயிறு ஆராதனைத் தொப்பிகள்! பாடகர் குழு மொத்தமும் வந்திருந்தது.

நடீனுக்கு நாலு வரி தனியாக வாசிக்கக் கிடைத்தது. வெள்ளைக்காரர்கள் இருமக்கூடச் செய்யாமல் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டாம் வரி முடியும்போது, "ஆமென்! வாசிடி பிள்ள!" சிஸ்டர் ப்ரூயிட்தான், அதுவும் எழுந்து நின்று. மண்டபமே திரும்பியது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். நடீன் ஒரு சுரம்கூடத் தவறவிடவில்லை.

முடிந்ததும் ஆசிரியர் அது யார் என்று நடீனிடம் கேட்டார். "எங்க பஸ்காரங்க, சார்."

1973, ஜனவரி 23, செவ்வாய்

மாலை பஸ்ஸுக்கும் மாநிலமே காசு தரவேண்டும் என்று நாங்கள் போட்ட மனுவுக்கு இன்று தலைநகரில் விசாரணை. தருவார்களா? தெரியாது. என்னைப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். அந்த நாற்காலிக்காரனுக்கு இன்னும் பதில் அகப்படவில்லை.

வெளியே ஹார்ன் அடிக்கிறது. திரையை விலக்கிப் பார்த்தால், எனக்கு முன்பே நீல பஸ்ஸில் எல்லாத் தொப்பிகளும் ஏறிவிட்டன. முன் சீட்டில் அந்தப் பஞ்சாலைப் பையனின் அம்மா, மடியில் பொரித்த மீன் பொட்டலம். பக்கத்தில் சிஸ்டர் ப்ரூயிட் தலையை நீட்டிக் கத்துகிறார்.

"ஓசெல்லா! உன் கோர்ட்டுக்கு நேரமாச்சுடி!"