பொது கார்டில் ஒரு பெயர்

3 ஜூன் 1974, திங்கள்
டிப்ளமா தேர்வு முடிவுகள் பதினாலாம் தேதி அச்சகத்துக்குப் போகவேண்டும். பட்டியல் போடும் கம்ப்யூட்டர் புரோகிராமில் மதிப்பெண்ணைப் படிக்கும் பகுதியை நான் எழுதுகிறேன், அச்சடிக்கும் பகுதி ஷாஹுல் ஹமீதுடையது. என்னைவிட இரண்டு வயது சிறியவன், தற்காலிக வேலை. ஒருவர் பகுதிக்குள் இருப்பது மற்றவருக்குத் தெரியாது. இருவருக்கும் வேண்டிய விவரங்களின் பெயர்களை மட்டும் 'காமன்', அதாவது பொது, கார்டில் வரிசையாக எழுதி, ஆளுக்கொரு நகல் வைத்துக்கொள்வோம்.

தேர்வுக்கு வராதவர்களுக்கென்று ஒரு குறி சேர்க்கிறேன், வராதவருக்கு 1, வந்தவருக்கு 0 என்று ஷாஹுலிடம் சொன்னேன். சரி என்றான்.

6 ஜூன், வியாழன்
அடித்துப் பார்த்த பட்டியலில், தேர்வெழுதிய ஆயிரத்து எண்பது பேருக்கும் கணக்குப் பாடத்தில் பூஜ்யம். தேர்வுக்கே வராத மூன்று பேருக்கு மட்டும் ஒரு மதிப்பெண். சிரிப்பு வந்தது. எங்கள் பிரிவுத் தலைவர் சுயம்புலிங்கம் சார் முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது. அச்சடிப்பது ஷாஹுல், அதனால் அவன்தான் என்று முடிவு கட்டிவிட்டார்.

7 ஜூன்
நான்தான்.

அவன் புதுக் குறியைக் கடைசியில் சேர்த்திருக்கிறான். நான் பதிவு எண்ணுக்கு அடுத்தே நுழைத்திருக்கிறேன். இயந்திரம் பெயரைப் பார்ப்பதில்லை, இடத்தைத்தான் பார்க்கிறது. கணக்கு மதிப்பெண் இருக்கவேண்டிய இடத்தில் என் குறி உட்கார்ந்துவிட்டது. பழைய பெயர்களை நகர்த்தக் கூடாது என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும் — எனக்கும்தான். கேட்டிருந்தால் ஒரு நிமிட வேலை. ஏன் கேட்கவில்லை?

திங்களன்று சொல்லிவிடலாம்.

9 ஜூன், ஞாயிறு
சாந்தோம் கோயிலில் பாவசங்கீர்த்தனம். தங்கை கிளாடிஸ்மேல் எரிந்து விழுந்தது, பொறாமை எல்லாம் சாமியாரிடம் சொன்னேன். இதைச் சொல்லவில்லை. இது பாவமா, வெறும் தவறா என்று வரிசையில் நிற்கும்போதே எனக்குள் வழக்காடிக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருக்கிறது.

10 ஜூன்
ஷாஹுலை இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நான் வாயே திறக்கவில்லை. டிபன் டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு என்னிடமும் வரேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனான். எனக்கு இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை — அதுதான் காரணமா? அதுதான். வேறென்ன.

11 ஜூன்
இரண்டு கார்டுகளையும் டிராயரிலிருந்து எடுத்தேன், திரும்ப உள்ளேயே வைத்தேன்.

12 ஜூன், புதன்
சொல்லிவிட்டேன். இரண்டு கார்டுகளையும் சார் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். திட்டவில்லை, அதுதான் தாங்கவில்லை. "அவனக் கூப்பிட்டு அனுப்பும்மா, மத்தத அப்புறம் பாத்துக்கலாம்"னு சொன்னார். அய்யோ, இதுக்கா அஞ்சு நாள்?

14 ஜூன்
பட்டியல் சரியாக வந்து அச்சகத்துக்குப் போய்விட்டது. என் நிரந்தரம் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்கள். ஷாஹுலுக்கு ஆறு மாத நீட்டிப்பு. என் மேசைக்கு வந்தான். நன்றி சொல்ல வருகிறான் என்று நினைத்தேன், எவ்வளவு அசடு நான்.

"திங்கக்கெழமை என்னைப் போகச் சொன்னாங்களே, அப்பவே உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டான்.

தெரியும் என்றேன்.

"எங்க அத்தாகிட்ட வேலை போச்சுன்னு சொல்லிட்டேங்க. என் தப்புதான்னு சொன்னேன்."

24 ஜூன், திங்கள்
பொது கார்டில் ஷாஹுல் ஒரு பெயர் சேர்க்கவேண்டியிருந்தது. முன்பானால் என் மேசைக்கு வந்து நின்றுகொண்டே சொல்லிவிட்டுப் போவான். இன்று தாளில் எழுதி, சாரிடம் கையெழுத்து வாங்கி, பியூனிடம் கொடுத்தனுப்பினான். எட்டடி தூரத்தில்தான் உட்கார்ந்திருக்கிறான். வரிசையை இரண்டு முறை சரிபார்த்தேன், சரியாக இருந்தது. நானும் கையெழுத்துப் போட்டு, பியூனிடமே திருப்பிக் கொடுத்தேன்.